கணினியில் சிதறிக் கிடக்கும் சாவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுபவர்களைப் பற்றியும், ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களைப் பற்றியும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. அவை வரத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் திருடன் வெளியே இருந்து வந்து, பேச்சுக் கொடுத்து, நம் வாயாலேயே ரகசியத்தைச் சொல்ல வைக்கிறான். யாரும் கேட்காமல், யாரும் ஏமாற்றாமல், நம் கணினிக் கோப்புகளில் நாமே எழுதி வைத்து மறந்துபோன கடவுச்சொற்களும், மென்பொருள்கள் ஒரு சேவைக்குள் நுழையக் காட்டும் ‘சாவி’ என்ற எழுத்துக் கோவைகளும் வெளியே போய்விடும் இன்னொரு வகை இழப்பைப் பற்றி அதிகம் படித்ததாக எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு கசிவுக்கு நானே காரணமாக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வில்லிவாக்கத்தில் இருந்துகொண்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். வாடிக்கையாளர்கள் முப்பது பேருக்கு உள்ளேதான். அவர்களில் ஒருவர் பெரம்பூரில் மொத்த மருந்து வியாபாரம் செய்யும் பெரியவர். பில் போட்டவுடன் அதன் நகல் சில்லறைக் கடைக்காரரின் மின்னஞ்சலுக்குத் தானாகப் போய்விட வேண்டும் என்று கேட்டார், செய்து கொடுத்தேன். அதற்காக அவருடைய கடை மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மென்பொருளின் செட்டிங்ஸ் கோப்பில் அப்படியே எழுதி வைத்தேன். தற்காலிகமாகத்தான் வைத்தேன். அந்தத் தற்காலிகம் ஆறு ஆண்டுகள் நீடித்தது.

2024 ஜூன் மாதம் வேலை கூடிப்போனதால், இன்ஜினீயரிங் இறுதியாண்டுக்குப் போகவிருந்த ஒரு பையனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டு, முழுக் கோப்புறையையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் ‘உன் முகவரி என்ன’ என்று கேட்கிறார்கள் அல்லவா? தான் கைவைத்துத் திருத்திய வேலையைக் காட்டுவதற்காக, அந்தக் கோப்புறையை அப்படியே கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டான். அது வெள்ளிக்கிழமை மாலை. சனிக்கிழமை காலை காப்பி குடிக்கும் நேரத்தில் பெரியவரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, நான் யாருக்கும் லோன் தர்றேன்னு சொல்லலையே, என் கடைப் பேர்ல ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் மெயில் போயிருக்காமே?” என்றார். அதற்குள் மின்னஞ்சல் நிறுவனம் அந்தக் கணக்கை முடக்கியிருந்தது. திரும்பக் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் பில் நகலை அச்செடுத்து, கடைப் பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் தெரிந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ‘அந்த மெயில் நான் அனுப்பியதில்லை’ என்று விளக்கம் சொல்லும் வேலை அந்த வயதில் அவர் தலையில் விழுந்தது.

பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கடவுச்சொல்லோடு கோப்புறையைக் கொடுத்தவன் நான். கோப்பை நீக்கு என்றேன், நீக்கினான், தீர்ந்தது என்று இருவருமே நம்பினோம். விஷயம் தெரிந்தவர்களே தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கிட்ஹப்புக்கு அடிப்படையாக இருப்பது, 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்ற மென்பொருள். மளிகைக் கடைப் பேரேட்டில் தவறாக எழுதிய தொகையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்களே, அப்படித்தான் கிட்டும் கணக்கு வைக்கிறது. அடித்தது அடித்ததாகவே இருக்கும், கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தும் வாசிக்கக் கிடைக்கும். இன்று நீக்கிய கோப்பு நேற்றைய பதிவில் முழுசாக இருக்கிறது. அந்தப் பழைய பதிவுகளையே திருத்தி எழுதவும் வழி உண்டு என்றாலும், அதற்குள் யாரேனும் நகல் எடுத்திருந்தால் அவர் கையில் இருப்பதை நம்மால் திருத்த முடியாது. கிட்ஹப்பில் பொதுவில் ஏறும் கோப்புகளை இரவு பகலாகக் கவனித்து, சாவி போலத் தெரிவதை உடனுக்குடன் பொறுக்கி எடுக்கும் நிரல்களைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிட்ஹப் களஞ்சியங்களில் (நிரல் கோப்புறைகளில்) சாவிகள் கசிந்திருப்பதும், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் புதிதாகக் கசிவதும் தெரியவந்தது. ஆகவே வெளியே போன சாவியைத் தேடி எடுத்து அழிப்பதில் பயனில்லை. பூட்டைத்தான் மாற்ற வேண்டும். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருள் வேறு சேவையோடு இணையக் காட்டும் ஏ.பி.ஐ. சாவியை ரத்து செய்து புதிது வாங்க வேண்டும். பிறகு பழைய சாவியால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவைப் பார்க்க வேண்டும். கோப்பை அழிக்கும் வேலை இவற்றுக்குப் பின்னால்தான். நாங்கள் அன்று தலைகீழாகச் செய்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் கணினியைச் சோதித்தேன். ‘கிட்லீக்ஸ்’ என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. அதை இறக்கிக்கொண்டு ஒரு கோப்புறையைக் காட்டினால், உள்ளே இருக்கும் கோப்புகளைப் படித்துப் பார்த்து, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் சாவி போன்ற ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடும். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டும் ஓட்டலாம். சோதனை முழுவதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. கறுப்புத் திரையில் வரிகள் ஓடி முடிந்தபோது 63 இடங்கள் என்றது. பாதிக்கு மேல் வெற்று எச்சரிக்கைகள்: சோதனைக்காக நானே எழுதிய போலிக் கடவுச்சொல், யாரோ எழுதிய கையேட்டில் இருந்த மாதிரிச் சாவி, இப்படி. மீதியைப் பார்த்தபோதுதான் வியர்த்தது. மூன்று வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ் கடவுச்சொற்கள், ஒரு கிளவுடு கணக்கின் சாவி, எப்போதோ மூடப்பட்ட ஒரு கடையின் எஸ்.எம்.எஸ். சேவைச் சாவி. அவை இருந்த இடங்கள், நானாகத் தேடினால் கை வைத்திருக்கவே மாட்டாத இடங்கள். டெஸ்க்டாப்பில் ‘புதிய கோப்புறை 2’ என்ற பெயரில் ஒன்று கிடந்தது. செட்டிங்ஸ் கோப்பைத் திருத்துவதற்கு முன் ஜாக்கிரதையாக எடுத்து வைத்த ‘பழையது’ என்ற நகல் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, மென்பொருள் தன் செயல்களைக் குறித்து வைக்கும் ஒரு லாக் கோப்பு: பிழை வந்தால் காரணம் தெரியட்டும் என்று, சர்வருடன் இணையும் முழு வரியையும் கடவுச்சொல்லோடு சேர்த்து அதில் எழுதும்படி நானே நிரல் எழுதியிருந்தேன். ‘சார், எரர் வருது’ என்று வாடிக்கையாளர்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்ததும் அதே லாக் கோப்பைத்தான்.

இத்தனை நகல்கள் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து, கணக்கு வழக்கை ஒரே கணினியில் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். அதன் பிறகு ‘பேக்கப், பேக்கப்’ என்று என்னைப் போன்றவர்களே வாடிக்கையாளர்களின் காதில் ஓதினோம். பென் டிரைவில் ஒன்று, மைத்துனர் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று நகல்கள் பெருகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வாடிக்கையாளர்கள் இருவரை அந்த நகல்கள்தான் காப்பாற்றின, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நகலுக்குள்ளும் ஒரு செட்டிங்ஸ் கோப்பு, ஒவ்வொரு செட்டிங்ஸ் கோப்புக்குள்ளும் ஒரு கடவுச்சொல். தண்ணீருக்குப் பயந்து வீட்டுச் சாவிக்கு இருபது டூப்ளிகேட் போட்டு ஊரெல்லாம் கொடுத்து வைத்த கதைதான். பழைய கணினியை ரிச்சி தெருவில் எக்ஸ்சேஞ்சில் போடும்போது அவசரத்தில் ஒரு ஃபார்மட் அடித்துவிட்டுக் கொடுக்கிறோம். அந்த விரைவு ஃபார்மட் ஹார்டு டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைத்தான் அழிக்கிறது. கோப்புகளை மீட்கும் மென்பொருளுக்கு உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும்.

ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதிக்கு இது நீளம் அதிகம் என்று எனக்கே தெரிகிறது. வெட்டுவதானால் என் கதையை வெட்டுங்கள். அடுத்து வரும் பத்தியை மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன்.

கிட்லீக்ஸ் போன்ற கருவிகள் சாவியை இரண்டு வகையில் அடையாளம் காண்கின்றன. முதலாவது, உருவம். அமேசான் கிளவுடு சேவையின் நிரந்தர அணுகல் சாவி எண் ‘ஏ.கே.ஐ.ஏ.’ என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 20 எழுத்துகள் கொண்டது. கிட்ஹப் நிறுவனம் 2021 முதல் தன் டோக்கன்களுக்கு (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் சாவிகளுக்கு) ‘ஜி.எச்.பி.’ போன்ற முன்னொட்டுகளை வைப்பதற்கு ஒரு முக்கியக் காரணமே, தப்பித் தவறி எங்காவது விழுந்து கிடந்தால் ஸ்கேன் செய்பவர் கண்ணில் உடனே பட வேண்டும் என்பதுதான். இரண்டாவது, எழுத்துகளின் ஒழுங்கின்மை. மனிதர் எழுதும் சொல்லில் அடுத்த எழுத்தை ஓரளவு ஊகிக்கலாம். இயந்திரம் உருவாக்கிய சாவியில் முடியாது. 1948-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் வகுத்துத் தந்த அளவையைக் கொண்டு அந்த ஒழுங்கின்மையைக் கணக்கிட்டு, ஓர் எல்லையைத் தாண்டினால் கருவி கை காட்டுகிறது. நம் ஊருக்கு உள்ள சிக்கல் இங்கேதான் வருகிறது. குலதெய்வத்தின் பெயரோடு மகள் பிறந்த ஆண்டைச் சேர்த்து வைக்கும் கடவுச்சொல்லில் ஒழுங்கின்மை குறைவு. கருவி அதை ஒரு சாதாரணச் சொல்லாக நினைத்துக் கடந்துவிடக்கூடும். மேலும் இக்கருவிகள் ‘பாஸ்வேர்டு’, ‘சீக்ரெட்’, ‘டோக்கன்’ என்பன போன்ற ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்தில் தேடும்படி அமைக்கப்பட்டவை. ‘கடவுச்சொல்’ என்று தமிழில் எழுதி, அதன் எதிரே ரகசியத்தையும் எழுதி வைத்த குறிப்புக் கோப்பை அவை கண்டுகொள்வதில்லை. என் கணினியிலேயே அப்படி இரண்டு கோப்புகள் தப்பின. அவற்றைப் பின்னால் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நல்ல வேளையாக, நமக்கு வேண்டிய விதிகளை நாமே எழுதிச் சேர்க்க கிட்லீக்ஸ் இடம் தருகிறது. கடவுச்சொல், ரகசிய எண், பின் நம்பர் ஆகியவற்றோடு, பாஸ்வேர்டு, பாஸ்வர்ட், பாஸ்வோர்ட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதையும் ஒரு விதியில் சேர்த்துக்கொண்டேன். தமிழில் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர்கள் அனைவரும் இதைச் செய்ய வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் கடவுச்சொல் எந்த விதிக்கும் சிக்காது. அதற்குப் படங்களைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். சோதனையின் முடிவை ஒரு கோப்பாகச் சேமித்தால், வீடு முழுவதும் சிதறிக் கிடந்த ரகசியங்களை ஒரே தட்டில் எடுத்து வைத்தது போலாகும். அந்த அறிக்கையே அடுத்த கசிவு. ரகசியத்தை மறைத்துக் காட்டும் வசதி கிட்லீக்ஸில் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டும். அடுத்தது, ‘உங்கள் சாவியை இங்கே ஒட்டுங்கள், கசிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்’ என்று அழைக்கும் முன்பின் தெரியாத இணையதளங்கள். அங்கே ஒட்டிய நொடியில் அது கசிந்த சாவிதான்.

நாம் தேடாவிட்டால் திருடன் தேடுவான் என்பதற்கு 2025-இல் நடந்ததே சான்று. செப்டம்பரில் ‘ஷாய்-ஹுலூத்’ என்ற புழு (தானாகப் பரவும் தீநிரல்), ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் அன்றாடம் இறக்கிக்கொள்ளும் என்.பி.எம். என்ற ஆயத்த நிரல் தொகுப்புகளில் 500-க்கும் மேற்பட்டவற்றில் புகுந்தது. அது நிரலாளரின் கணினிக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ‘ட்ரஃபிள்ஹாக்’ என்ற கருவியை இறக்கி ஓட்டியது. அது கிட்லீக்ஸைப் போலவே நல்லவர்கள் தங்கள் கோப்புகளைச் சோதிக்க உருவாக்கிய இலவசக் கருவி. கிடைத்த சாவிகளை எல்லாம் திரட்டி, பறிகொடுத்தவரின் கிட்ஹப் கணக்கிலேயே பொதுவில் ஏற்றிவிட்டது அந்தப் புழு. அதற்கு முந்தைய மாதம் ‘என்.எக்ஸ்.’ என்ற தொகுப்பில் புகுந்த தீநிரல் இன்னும் ஒரு படி மேலே போய், கணினியில் நிறுவப்பட்டிருந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடமே, ரகசியக் கோப்புகளைத் தேடித் தரும்படி வேலை ஏவியது. இவ்விரண்டிலும் இரையானது, நிரலாளர்கள் கணினிக் கோப்புகளில் விட்டுவைத்திருந்த சாவிகள்தான்.

இது சிறியவர்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. 2016-இல் ஊபர் நிறுவனப் பொறியாளர்களின் கிட்ஹப் களஞ்சியத்தில் கிடந்த சாவியைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைத் திருடர்கள் எடுத்தார்கள். நிறுவனம் அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து ஓராண்டு மூடி மறைத்தது. டொயோட்டாவுக்கு நேர்ந்தது என் கதையின் பெரிய பிரதி. இணையதளம் செய்து கொடுத்த துணை ஒப்பந்ததாரர் நிரலின் ஒரு பகுதியை 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டார். உள்ளே சர்வர் சாவி இருந்தது. 2022 செப்டம்பர் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. கசிவுகளைக் கணக்கெடுக்கும் கிட்கார்டியன் நிறுவனம், 2023-இல் பொது கிட்ஹப்பில் புதிதாகக் கசிந்த ரகசியங்கள் 1 கோடியே 28 லட்சம் என்றும், 2024-இல் அது ஏறத்தாழ 2 கோடியே 38 லட்சம் ஆனது என்றும் சொல்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யத் தவறி மக்களின் விவரங்கள் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். எனக்கு அந்தச் சனிக்கிழமை அந்த உத்தரவு நினைவுக்கே வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் கோரிக்கை கல்லூரிகளை நோக்கியது. இந்நகரில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்பது ஒரு தனி வியாபாரம். வடபழனியிலும் தியாகராய நகரிலும் உள்ள ப்ராஜெக்ட் சென்டர்களில் ஒரே நிரல் பெயர் மாறி ஆண்டுதோறும் கைமாறுகிறது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். அப்படி வந்த நிரல்களை என்னிடம் சேர வந்த மாணவர்கள் காட்டியிருக்கிறார்கள். முன்பு வைத்திருந்தவரின் மின்னஞ்சல் கடவுச்சொல் இன்னமும் அதற்குள் உயிரோடு இருக்கிறது. ப்ராஜெக்ட் சரியா, சொந்தமாகச் செய்ததா என்ற பெரிய கேள்விக்குள் நான் போகவில்லை. வைவாவுக்கு முன் அந்தக் கோப்புறையின் மீது இப்படியொரு கருவியை ஓட்டி, சாவி எதுவும் இல்லை என்று காட்டினால்தான் பெற்றுக்கொள்வோம் என்று துறைத்தலைவர்கள் ஒரு வரி எழுதினால் போதும். சில நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. கிட்டில் பதிவு செய்யும்போதே வாசலில் நின்று தடுக்கும்படியும் இதே கருவியைப் பொருத்தி வைக்கலாம். அதை முதலாண்டிலேயே கற்றுக்கொடுத்துவிட்டால் இறுதியாண்டில் சோதிக்க வேண்டிய தேவையே குறையும். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கணினிப் பயிற்சிகளிலும் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வேலை பார்த்த பையனுக்கு இயந்திரக் கற்றல் வரை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல்லை நிரலில் எழுதக் கூடாது, தனிக் கோப்பில் வைத்து அந்தக் கோப்பை கிட் பதிவிலிருந்து விலக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முதலாளியாகிய நானே அப்படித்தான் எழுதி வைத்திருந்தபோது அவனுக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கணினியை விற்பதற்கு முன்போ, கோப்புறையை மற்றவரிடம் கொடுப்பதற்கு முன்போ இந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைப் படங்களோடு ஒரு நாள் அரைப்பக்கம் வெளியிட வேண்டும். வெளிவந்தால் அதை வெட்டி என் வாடிக்கையாளர்கள் அனைவரின் கல்லாப்பெட்டி அருகிலும் ஒட்டிவைக்கிறேன். நான் இரண்டு ஆண்டாகச் சொல்லி வருவதைக் காட்டிலும் பேப்பரில் வந்ததற்கு அவர்களிடம் மதிப்பு அதிகம்.

இங்ஙனம்,
பில் மென்பொருள் எழுதும் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை – 49